பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகினால்: ரேக்கை இறக்குவதற்கு முன்

பழைய வண்டியில் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகுகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டால், வண்டியைத் தூக்கிப் பார்த்ததும் வரும் முதல் வார்த்தை பெரும்பாலும் "ரேக் போயிடுச்சு" என்பதுதான். ரேக் என்பது, ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது முன்சக்கரங்களைத் திருப்பும் பாகம். பம்ப், ஆயில் ஊற்றும் டப்பா, ஹோஸ் என்று மேலே எதில் கசிந்தாலும் ஆயில் வழிந்து இறங்கி, ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் கீழே குறுக்காகக் கிடக்கும் ரேக்கின் மேல் வந்து நிற்கும். ரேக் முழுக்க நனைந்திருக்கும், ஆனால் ஓட்டை வேறு எங்கோ இருக்கும். இந்த வேலையிலேயே ஆள் கூலியும் சாமான் செலவும் அதிகம் பிடிப்பது ரேக்கை இறக்கி ஏற்றுவது. மேலே ஒரு ஹோஸ் கிளிப்போ, ஒரு ஓ-ரிங்கோ மாற்றினால் முடிகிற காரியத்துக்கு ரேக்கை இறக்குவது வீண். ஆகவே மேலிருந்து கீழாகத் தேட வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், மற்றபடி பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

இங்கே பேசுவது ஹைட்ராலிக் (ஆயில் பிரஷரில் இயங்கும்) ஸ்டீயரிங் உள்ள வண்டிகளைப் பற்றி: டொயோட்டா குவாலிஸ், முதல் தலைமுறை இன்னோவா, மாருதி எஸ்டீம், ஹூண்டாய் அக்சென்ட், ஃபோர்டு ஐகான், டாடா இண்டிகா போன்றவை. வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் இவை இன்னும் ஓடுகின்றன. எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஆயிலே கிடையாது. அதனடியில் சிவப்பாக எதாவது சொட்டினால் வேறு இடத்தில் தேடுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கும் இந்தக் கசிவுக்கும் தொடர்பு உண்டு. சீலும் ஹோஸும் ரப்பர். கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வெளிச்சூட்டில், பானட்டுக்குள் இருக்கும் ரப்பருக்கு ஓய்வே இல்லை. வருஷக்கணக்கில் சூடாகி ஆறிச் சூடாகி ஆறி, வளைந்து கொடுக்கும் தன்மை போய் இறுகிவிடும். அதோடு லாங் பஜார், மண்டித் தெரு மாதிரி இடங்களில் வண்டி நகராமலேயே ஸ்டீயரிங்கை ஒடித்து ஒடித்து எடுக்க வேண்டியிருக்கிறது. நேராக ஓடும்போது இந்த சிஸ்டத்தில் பிரஷர் மிகக் குறைவு. நின்ற இடத்தில் முழுசாக ஒடித்துப் பிடிக்கும்போது வண்டியைப் பொறுத்து 70 முதல் 100 பார் வரை ஏறும். இறுகிப்போன சீல் தோற்பது அந்த நேரத்தில்தான்.

முதலில், சொட்டுவது எந்த ஆயில்? ராத்திரி வண்டியின் முன்பக்கம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வையுங்கள். இடமும் நிறமும் இரண்டும் தெரியும். பெரும்பாலான வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுவது ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்), புதிதாக இருக்கும்போது சிவப்பு. ஆனால் ஐந்தாறு வருஷம் மாற்றாத ஆயில் பழுப்பாகி, என்ஜின் ஆயில் போலவே தெரியும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். டப்பா மூடியில் உள்ள டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்து, அட்டையில் இருக்கும் கறையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூலன்ட் தண்ணீர் மாதிரி இளகி, பச்சையோ ரோஸோ நிறத்தில், லேசான தித்திப்பு வாசனையோடு இருக்கும். ஏ.சி. தண்ணீர் நிறமில்லாமல் இருக்கும், காய்ந்ததும் கறை விடாது. கியர் ஆயிலின் நாற்றம் ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது.

ஒழுகாத வண்டியிலும் ஒழுகுவது போலத் தெரிவதுண்டு. ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால், சூட்டில் விரிந்து மூடியின் காற்றுத் துளை வழியே வெளியேறி டப்பாவின் வெளிப்பக்கமாக வழியும். டிப்ஸ்டிக்கில் 'கோல்ட்', 'ஹாட்' என இரண்டு கோடு இருப்பது இதற்குத்தான். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது 'கோல்ட்' கோட்டைத் தாண்டக் கூடாது. உள்ளே காற்று புகுந்திருந்தாலும் நுரைத்துப் பொங்கும். இதைச் சோதிக்க எளிய வழி: என்ஜின் ஓடும்போது டப்பாவில் ஆயில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, என்ஜினை நிறுத்திப் பாருங்கள். மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி ஏறினால் உள்ளே காற்று இருக்கிறது. ஓடும்போது அழுங்கிக் கிடந்த காற்று, பிரஷர் விட்டதும் விரிந்து ஆயிலை மேலே தள்ளுகிறது.

அடுத்தது கழுவுவது. இதைச் செய்யாமல் தேடுவது காலவிரயம். என்ஜின் ஆறிய பிறகு டப்பா, பம்ப், ஹோஸ்கள், ரேக், ரேக்கின் இரண்டு முனையையும் மூடும் ரப்பர் பூட் (உறை) எல்லாவற்றையும் மண்ணெண்ணெயோ டீக்ரீஸரோ தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, துணியால் ஒற்றிக் காய விடுங்கள். பெல்ட்டிலும் ஆல்டர்னேட்டரிலும் படாமல் பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொள்ளுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு இணைப்புகளின் மேல் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். ஆயில் கசிந்தால் வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடாகத் தெரியும், அந்தக் கோட்டின் மேல்முனைதான் நீங்கள் தேடும் இடம். பவுடர் தூவியபின் ஒருவர் உள்ளே உட்கார்ந்து என்ஜினை ஓட விட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாக ஒடிக்கட்டும். கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம், பம்ப் சூடேறிவிடும்.

இந்த நேரத்தில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. பிரஷர் ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும், அதில் பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகி விரலே போகக்கூடிய காயம் அது. அப்படி நடந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போய், பிரஷர் ஆயில் உள்ளே ஏறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஓட்டை எங்கே என்று பார்க்க நீளமான அட்டைத் துண்டைப் பிடியுங்கள்.

இனி இடங்கள். முதலில் டப்பாவும் அதில் சேரும் இரண்டு ஹோஸும். பெரியது பம்புக்கு ஆயில் போகும் சக்‌ஷன் ஹோஸ், சின்னது ரேக்கிலிருந்து திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸ். இரண்டிலும் பிரஷர் குறைவு, சாதாரண கிளிப்தான் பிடித்திருக்கும். பழைய வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது இவற்றைத்தான். ஹோஸின் முனையை விரலால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால், கிளிப்பை இறுக்குவதால் பயன் இல்லை, இன்னும் வெடிக்கும். ஹோஸில் போதிய நீளம் இருந்தால் முனையில் இரண்டு செ.மீ. வெட்டிவிட்டு நல்ல பகுதியை மாட்டலாம், ஆனால் இது சில மாதத்துக்கான ஏற்பாடு. மாற்றுவதே சரி.

சக்‌ஷன் ஹோஸ் ஏமாற்றும் பேர்வழி. என்ஜின் ஓடும்போது அதில் ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே இழுபடும். நிறுத்தி வைத்த பிறகே சொட்டும். ஆகவே தரையில் ஒரு சொட்டுகூட இல்லாமல், ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது "ஊய்ங்" என்று முனகலும், டப்பாவில் நுரையும் இருந்தால் பம்பைக் குறை சொல்வதற்கு முன் இந்த ஹோஸையும் இதன் கிளிப்பையும் பாருங்கள். நல்ல பம்புகள் நிறைய இந்த ஒரு காரணத்துக்காகவே தூக்கிப் போடப்படுகின்றன.

மாற்றும் ஹோஸ் ஆயிலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பராக இருக்க வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் வகை ரப்பர் தண்ணீருக்கானது. ஆயில் பட்டால் ஊறி உப்பி, உள்சுவர் உரிந்து துணுக்காகி பம்புக்குள் போகும். பெட்ரோல் ஹோஸைப் போடுவதும் வழக்கத்தில் இருக்கிறது, ஆனால் பவர் ஸ்டீயரிங் ஆயிலின் சூட்டை அது ரொம்ப நாள் தாங்காது. ஏ.டி.எஃப். அல்லது ஹைட்ராலிக் ரிட்டர்னுக்கு என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ரிட்டர்ன் ஹோஸ் பல வண்டிகளில் உள்விட்டம் 10 மி.மீ. அளவிலும், சக்‌ஷன் 16 முதல் 19 மி.மீ. வரையிலும் இருக்கும். பழைய ஹோஸ் உப்பியிருக்கும் என்பதால் அதை அளக்காமல், டப்பாவில் ஹோஸ் மாட்டும் நிப்பிளை (குழாய்முனையை) அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். சக்‌ஷன் ஹோஸ் மடங்கிவிடாத வளைவில் உட்கார வேண்டும். மடங்கினால் பம்புக்கு ஆயில் போதாது.

ஹோஸைக் கழற்றிய கையோடு டப்பாவையும் கழற்றிப் பாருங்கள். பல டப்பாக்களின் அடியில் ஒரு வலை இருக்கும். கறுப்புச் சேறு அடைத்திருந்தால் பெட்ரோலில் அலசிக் காய வைத்து மாட்டலாம், முடியாவிட்டால் டப்பாவையே மாற்ற வேண்டும். திரும்பும் ஆயில் வலை வழியாக இறங்கும் அமைப்பில், வலை அடைத்தால் ரிட்டர்ன் பக்கம் பிரஷர் ஏறி, எத்தனை கிளிப் போட்டாலும் அந்த ஹோஸ் கசியும். பிளாஸ்டிக் டப்பாவின் ஒட்டுக் கோட்டில் விரிசல் விழுவதும் உண்டு. எம்-சீல் வைத்து அடைப்பார்கள், சூட்டில் அது விட்டுவிடும்.

பிரஷர் ஹோஸ் வேறு ரகம். பம்பிலிருந்து ரேக்குக்குப் போகும் இதன் இரு முனையிலும் இரும்புக் குழாயும், நடுவில் ரப்பரும், இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வளையமும் இருக்கும். கசிவது அந்த வளையத்தின் விளிம்பில்தான். முதலில் வியர்வையாக இருந்து பிறகு சொட்டாகும். இதற்குக் கிளிப் போட்டு ரப்பரைச் சொருகுவது ஆபத்து, எந்த நேரமும் பிய்ந்துகொள்ளும். ஒரிஜினல் ஹோஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காத மாடலுக்கு, ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் ஹோஸ் கட்டிக் கொடுக்கும் கடையில், பழைய இரும்பு முனைகளை வைத்துக்கொண்டு நடுவில் புது ஹைட்ராலிக் ஹோஸ் போட்டு மெஷினில் வளையத்தை நசுக்கி இறுக்கச் (கிரிம்ப் செய்யச்) சொல்லலாம். சிப்காட்டும் கல் குவாரிகளும் உள்ள நம் பக்கத்தில் இந்த வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 3/8 அங்குல, ஒற்றைக் கம்பிப் பின்னல் ஹோஸே 180 பார் தாங்கும், இரட்டைப் பின்னல் 330 பார். காருக்கு இரண்டும் போதும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: காருக்கென்று செய்த ஹோஸ் லேசாக விரிந்து பம்பின் துடிப்பை வாங்கிக்கொள்ளும், விறைப்பான ஹைட்ராலிக் ஹோஸ் அப்படிச் செய்யாது. அதனால் ஒடிக்கும்போது சின்ன முனகல் வரலாம். அது கோளாறு இல்லை. முனைகளின் கோணம் பழையபடியே வர, வெட்டுவதற்கு முன் இரண்டு முனைகளுக்கும் நேராகக் கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மாட்டும்போது சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து விலகி, எதன் மேலும் உரசாமல் போக வேண்டும். ஏ.டி.எஃப். தீப்பிடிக்கும் பொருள். பழுத்த மேனிஃபோல்டில் சொட்டினால் புகையோடு நிற்கும் என்று சொல்ல முடியாது.

பம்பில் அந்த ஹோஸ் சேருமிடத்தில் துளையுள்ள யூனியன் போல்ட் இருந்தால், அதன் இருபுறமும் ஆளுக்கொரு காப்பர் வாஷர் இருக்கும். ஒருமுறை கழற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும். நசுங்கிய வாஷர் மறுபடி நசுங்காது, கசியும். புது வாஷர் கைவசம் இல்லாத நேரத்தில் பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆற வைத்தால் காப்பர் இளகும், எமரி காகிதத்தில் தட்டையாகத் தேய்த்துப் போடலாம். ஓ-ரிங் உள்ள இணைப்பில் ஓ-ரிங்கை மாற்றுங்கள், கொஞ்சம் ஆயில் தடவி மாட்டுங்கள். டெஃப்லான் டேப்பும் கேஸ்கெட் பேஸ்ட்டும் இங்கே வேண்டவே வேண்டாம். அந்தத் துணுக்குகள் ரேக்கின் வால்வில் போய் அடைத்தால் ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் கனமாகவும் ஸ்டீயரிங் திரும்பும்.

பம்பின் ஷாஃப்ட் சீல் போனதற்கு அடையாளம் சுலபம். புல்லியின் பின்னால் ஈரம் இருக்கும், பெல்ட் நனைந்து வழுக்கும், புல்லி சுழலும் நேர்கோட்டில் பானட்டின் அடியிலும் பக்கச் சுவரிலும் ஆயில் தெறித்திருக்கும். பெல்ட்டைத் தளர்த்தி, பம்பை இறக்கி, புல்லியைக் கழற்ற வேண்டும். நட்டு உள்ள புல்லியை ஸ்பேனரால் எடுக்கலாம். அழுத்தி ஏற்றிய புல்லிக்கு அதற்கான புல்லர் கட்டாயம்; சுத்தியால் தட்டினால் ஷாஃப்டும் உள்ளே இருக்கும் இதழ்களும் சேதமாகும். சர்க்ளிப்பை (பூட்டு வளையத்தை) எடுத்து ஷாஃப்டை வெளியே இழுத்தால் சீல் தெரியும். அதன் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என மூன்று எண் அச்சிட்டிருக்கும். அந்த அளவைக் கொடுத்தால் வண்டியின் பெயர் சொல்லாமலே பேரிங் கடையில் கிடைக்கும். சூடு தாங்கும் ரகம் என்று கேளுங்கள்.

சீலை மாற்றுவதற்கு முன் ஷாஃப்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. புது சீலும் கொஞ்ச நாளில் ஒழுகும். ஆட்டம் இல்லாமல், சீலின் உதடு உரசும் இடத்தில் மட்டும் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால், இடமிருக்கும் பட்சத்தில் புது சீலைப் பழைய இடத்தைவிட ஒரு மி.மீ. முன்னோ பின்னோ உட்கார வைக்கலாம், உதடு தேயாத இடத்தில் உரசும். சீலின் உதட்டில் ஆயில் தடவி, அதன் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் சாக்கெட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். பம்பின் பின்மூடி ஓ-ரிங்கையும் இதே வேளையில் மாற்றிவிடுவது நல்லது. ஆயிலில் ஊறிய பெல்ட்டைத் துடைத்துப் போடாதீர்கள், புதிது போடுங்கள்.

இத்தனையும் பார்த்து எல்லாம் காய்ந்திருந்தால், பிறகு ரேக். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ரப்பர் பூட்டின் கிளிப்பைத் தளர்த்தி மெல்ல விலக்குங்கள். உள்ளே கிரீஸ் இருப்பது இயல்பு. ஆயில் வழிந்தால் ரேக்கின் முனை சீல் போய்விட்டது, அதில் சந்தேகமே வேண்டாம். எந்தப் பக்கம் என்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள்: பல ரேக்குகளில் இரண்டு பூட்டையும் ஒரு காற்றுக் குழாய் இணைக்கும், இடது சீலின் ஆயில் வலது பூட்டில் வந்து நிற்கலாம். ஸ்டீயரிங் ஷாஃப்ட் ரேக்குக்குள் நுழையும் மேல்பக்கம் ஈரமாக இருந்தால் அது பினியன் (ரேக்கை நகர்த்தும் பல்சக்கரம்) சீல். ரேக்கை இறக்காமல் அதை மட்டும் மாற்றும் வசதி சில வண்டிகளில் உண்டு.

ரேக்கை இறக்கினால் சீல் கிட் (புது சீல்களின் தொகுப்பு) போடலாமா, ரேக்கையே மாற்றலாமா என்பதை உள்ளே இருக்கும் தண்டுதான் சொல்லும். பூட் கிழிந்து ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீரும் புழுதியும் உள்ளே போயிருந்தால், பளபளப்பான தண்டில் துருப்புள்ளிகள் இருக்கும். நகத்தில் தட்டுப்படும் புள்ளி ஒன்று இருந்தாலும் அது ஒவ்வொரு முறை கடக்கும்போதும் சீலை அறுக்கும். அப்படிப்பட்ட தண்டில் கிட் போடுவது காசை வீணாக்குவது. தண்டு சுத்தமாக இருந்தால் சீல் கிட் நன்றாகவே உழைக்கும். கழற்றுவதற்கு முன், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி, பெயின்ட்டால் குறி போடுங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கட்டிவிடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் ஷாஃப்டைப் பிரித்தபின் ஸ்டீயரிங் தன்னிஷ்டத்துக்குச் சுற்றினால் உள்ளிருக்கும் சுருள் கேபிள் அறுந்துபோகும். பூட் ஒவ்வொன்றும் மலிவு, இரண்டையும் மாற்றுங்கள். ஏற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். சுமோ மாதிரி ஸ்டீயரிங் பாக்ஸ் உள்ள வண்டிகளில் ரேக்குக்குப் பதில் பாக்ஸின் அடியில், ட்ராப் ஆர்ம் (சக்கரத்தைத் திருப்பும் நெம்புகோல்) மாட்டும் ஷாஃப்ட் சீலைப் பாருங்கள்.

கசிவை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பது இறுகிய சீலைக் கொஞ்சம் ஊற வைக்கும். கிழிந்த சீலுக்கும் வெடித்த ஹோஸுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. நல்ல நிலையில் இருக்கும் மற்ற சீல்களும் சேர்ந்து ஊறும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வாரம் ஒருமுறை ஆயில் ஊற்றிக்கொண்டே ஓட்டுவதும் அப்படித்தான். ஒருநாள் மறந்தால் பம்ப் காய்ந்து ஓடும், சில நிமிஷத்தில் உள்ளே கீறல் விழும், அந்த இரும்புத் துகள் ரேக் வால்வுக்குப் போகும். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஸ்டீயரிங் திடீரென்று கனத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்த ஆயில் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும். குவாலிஸுக்கும் முதல் இன்னோவாவுக்கும் டெக்ஸ்ரான் 2 அல்லது 3 ரக ஏ.டி.எஃப். பழைய ஹோண்டாக்களுக்கு ஹோண்டாவின் சொந்த பவர் ஸ்டீயரிங் ஆயில்தான், ஏ.டி.எஃப். ஊற்றக் கூடாது. ஜெர்மன் வண்டிகள் பலவற்றில் பச்சை நிற ஹைட்ராலிக் ஆயில்; அதோடு சிவப்பைக் கலக்கக் கூடாது. அவசரத்துக்கு என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் சிஸ்டத்தில் உள்ள ஒவ்வொரு சீலும் கெட்டுப்போகும், பிறகு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான். சாதாரண காரில் மொத்தம் ஒரு லிட்டர் சுமாருக்குப் பிடிக்கும். பழைய ஆயிலைக் கழுவி விட்டு நிரப்ப இரண்டு லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கழுவுவதற்கு முன்சக்கரம் இரண்டும் தரையில் படாமல் இருக்க வேண்டும். ரிட்டர்ன் ஹோஸை டப்பாவிலிருந்து கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள், டப்பாவின் நிப்பிளை ரப்பர் மூடியால் அடையுங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஒருவர் ஸ்டீயரிங்கைக் கோடிக்குக் கோடி ஒடிக்க, இன்னொருவர் டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டிலில் சுத்தமான சிவப்பு வரும்வரை செய்யுங்கள். என்ஜினை ஓட விட்டால் வேலை சீக்கிரம் முடியும்தான், ஆனால் சில விநாடியில் டப்பா காலியாகி பம்ப் காற்றை இழுக்கும்.

ஹோஸை மாட்டிய பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். இங்கே அவசரப்பட்டுத்தான் பாதி வேலை கெடுகிறது. 'கோல்ட்' கோடு வரை நிரப்பி, என்ஜின் ஓடாமலேயே ஸ்டீயரிங்கை மெதுவாகக் கோடிக்குக் கோடி பதினைந்து இருபது முறை ஒடியுங்கள். டப்பாவில் குமிழி வந்துகொண்டே இருக்கும், மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். குமிழி நின்ற பிறகு என்ஜினை இரண்டு மூன்று விநாடி மட்டும் ஓட விட்டு நிறுத்தி மட்டம் பாருங்கள். அடுத்து ஐடிலில் விட்டு, கோடியில் பிடிக்காமல் மெதுவாக ஒடியுங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்தால் நிறுத்திவிடுங்கள். ஓட்ட ஓட்டக் காற்று இன்னும் நுணுக்கமாகக் கலக்கும். அரைமணி நேரம் அப்படியே விட்டால் நுரை தானாக மேலே வந்து அடங்கும், பிறகு தொடரலாம்.

முடித்த பிறகு எல்லா இணைப்பையும் மறுபடி துடைத்துப் பவுடர் தூவி, ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பாருங்கள். புது ரப்பர் சூட்டில் உட்காரும் என்பதால் நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஹோஸ் கிளிப்களை ஒருமுறை லேசாக இறுக்க வேண்டும். அட்டையை ஒரு வாரம் அடியில் போட்டு வையுங்கள், டப்பாவில் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டுத் தினமும் காலையில் ஆறிய நிலையில் பாருங்கள். அட்டை சுத்தமாக இருந்தும் மட்டம் இறங்கினால், உள்ளே மிச்சமிருந்த காற்று வெளியேறியிருக்கலாம். ஒருமுறை நிரப்பி மறுபடி கோடு போடுங்கள். மறுபடியும் இறங்கினால் ரேக் பூட்டைத் திறந்து பாருங்கள், ஆயில் அங்கேதான் சேர்ந்துகொண்டிருக்கும்.